துயிலும் கனவும் ஒரே சொல்லாக: ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ்

கவிஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் காதல், வறுமை, சிறை, புகழ் எனப் படிப்படியாக ஏறி இறங்குவன. அர்ஜென்டினா நாட்டுக் கவிஞரும் சிறுகதையாசிரியருமான ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸின் வாழ்வை அவ்வாறு சொல்லி முடித்துவிட இயலாது. அவர் வாழ்வின் பெருநிகழ்ச்சிகள் பலவும் நூலகங்களுக்குள்ளும் சொற்களுக்குள்ளும் நடந்தவை. ஆங்கிலம், ஸ்பானியம் ஆகிய இரு மொழிகளுக்கிடையே பிறந்து வளர்ந்தவர் அவர். ஒன்றில் இரண்டாகப் பிரிந்து நிற்கும் சொற்கள் மற்றொன்றில் ஒரே சொல்லாக இணைந்து நிற்பதை வாழ்நாள் முழுதும் எதிர்கொண்டார். அந்த இணைவு அவருக்குத் தந்தது என்ன, அந்தப் பிரிவு அவரிடமிருந்து பெற்றது என்ன என்பதை அறிந்தால் அவர் கலையின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

1899ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் புவனோஸ் ஐரிஸ் நகரில் போர்ஹெஸ் பிறந்தார். தந்தையைப் பெற்ற பாட்டி ஃபேனி ஹாஸ்லம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். அர்ஜென்டினப் படைத்தளபதி ஒருவரை மணந்து, இளம் வயதிலேயே கணவரைப் போரில் இழந்தவர். தாய் லியோனோர் அசெவேதோ பழங்குடிப் பெருமை மிக்க ஸ்பானிய மரபினர். தந்தை வழக்கறிஞர், உளவியல் கற்பித்தவர், அவரது நூலகத்தில் ஆங்கில நூல்களே நிறைந்திருந்தன. பலெர்மோ பகுதியிலிருந்த அவ்வீட்டில் சிறுவனை அனைவரும் ஜார்ஜி என்று ஆங்கில முறையில் அழைத்தனர். பாட்டியிடம் ஆங்கிலமும் பிறரிடம் ஸ்பானியமுமாகப் பேசியே அவன் வளர்ந்தான். செர்வான்டிஸின் தோன் கிஹோத்தே நூலைக்கூட முதலில் ஆங்கிலத்திலேயே படித்தான். பின்னர் ஸ்பானிய மூலத்தைப் படித்தபோது அதுவே மோசமானதொரு மொழிபெயர்ப்பாகத் தோன்றியதாக முதிய வயதில் அவர் நினைவுகூர்ந்தார்.

அவ்வீட்டின் இரு மொழிகளும் உலகத்தை ஒரே அளவாகப் பங்கிட்டுக் கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் கைவிரல் ‘ஃபிங்கர்’, கால்விரல் ‘டோ’. ஸ்பானியத்தில் இரண்டுமே ‘தேதோ’. தமிழின் ‘விரல்’ போல. ஆங்கிலத்தில் கண்ணால் காணும் வானம் ‘ஸ்கை’. இறந்தோர் சென்றடையும் வீடு ‘ஹெவன்’. ஸ்பானியத்தில் இரண்டும் ‘சியேலோ’. ஆங்கிலத்தில் காத்திருப்பது ‘வெயிட்’, நம்பியிருப்பது ‘ஹோப்’. ஸ்பானியத்தில் ‘எஸ்பெரார்’ என்ற ஒரே வினைச்சொல் இரண்டையும் சுமக்கிறது. வரலாறும் கதையும் ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டரி’, ‘ஸ்டோரி’ என இரண்டு. ஸ்பானியத்தில் ‘இஸ்தோரியா’ என ஒன்று. எல்லாவற்றினும் மேலாக, துயிலும் கனவும் ஆங்கிலத்தில் ‘ஸ்லீப்’, ‘ட்ரீம்’ எனத் தனித்தனியே நிற்க, ஸ்பானியத்தில் ‘சுவேன்யோ’ என்ற ஒரு சொல்லுக்குள் அவை கூடி உறைகின்றன.

இவை வெறும் தற்செயல்கள் அல்ல. ஆங்கிலம் பல படையெடுப்புகளின் வழியே செல்வம் சேர்த்த மொழி. ‘ஹெவன்’ பழைய ஆங்கிலச் சொல். ‘ஸ்கை’ மேகம் என்ற பொருளோடு வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ‘ஹிஸ்டரி’, ‘ஸ்டோரி’ இரண்டும் ஒரே இலத்தீன் வேரினின்று வெவ்வேறு வாயில்களில் நுழைந்து, பிறகு உடன்பிறந்தார் பாகம் பிரித்துக்கொண்டதுபோலப் பொருளைப் பிரித்துக்கொண்டவை. ‘சுவேன்யோ’வின் கதை இதற்கு நேர்மாறானது. இலத்தீனில் துயிலுக்கு ‘சோம்னுஸ்’ என்றும் கனவுக்கு ‘சோம்னியும்’ என்றும் இரு சொற்கள் இருந்தன. நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் ஸ்பானியர் நாவில் அவ்விரண்டும் தேய்ந்து ஒன்றாயின.

வறுமை ஸ்பானியத்தின் பக்கம் மட்டுமே என்று கருதுவதும் பிழை. ஆங்கிலத்தின் ‘கார்னர்’ என்ற ஒரு சொல்லுக்கு ஸ்பானியத்தில் இரண்டு உண்டு: தெருமுனைக்கு ‘எஸ்கீனா’, அறையின் உட்புற மூலைக்கு ‘ரின்கோன்’. போர்ஹெஸின் தொடக்ககாலக் கதைகளுள் புகழ்பெற்ற ஒன்றின் தலைப்பில் ‘எஸ்கீனா’ இடம்பெறுகிறது. அது ஆங்கிலத்திற்குச் சென்றபோது, அறைமூலை எனப் பொருள்பட்டுவிடாதிருக்கத் தெரு என்ற சொல்லையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

சிறுவனாக இருந்தபோதே ஜார்ஜி மொழிபெயர்ப்பில் இறங்கினான். ஆஸ்கர் வைல்டின் மகிழ்ச்சியான இளவரசன் கதையை அவன் ஸ்பானியத்தில் தந்தது 1910இல் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. அதைத் தந்தையின் பணியென்றே பலரும் எண்ணினர். 1914இல் குடும்பம் ஐரோப்பா சென்றது. தந்தையின் கண்ணொளி மங்கிக்கொண்டிருந்ததால் ஜெனீவாவில் மருத்துவம் பார்ப்பதும் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. முதல் உலகப்போர் மூளவே அனைவரும் சுவிட்சர்லாந்திலேயே தங்க நேர்ந்தது. அங்கே போர்ஹெஸ் பிரெஞ்சையும் இலத்தீனையும் பள்ளியில் கற்றார். ஜெர்மனை ஹைனேயின் கவிதைகளையும் ஓர் அகராதியையும் துணைக்கொண்டு தாமே கற்றார். 1921இல் தாயகம் திரும்பி, 1923இல் தம் முதற் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். ஆங்கிலத்திலேயே கவிதை எழுதும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. 1934இல் அம்மொழியில் இரண்டு கவிதைகள் எழுதினார். எனினும் தம் வாழ்நாட் படைப்புக்கு ஸ்பானியத்தையே தேர்ந்தார்.

தேர்ந்த மொழியின் இயல்பை அவர் ஆழ்ந்து அறிந்தது மொழிபெயர்ப்புப் பணியினால் எனலாம். 1937இல் வெர்ஜீனியா வுல்ஃபின் ஆர்லாண்டோ நாவலும், 1940இல் ஃபாக்னரின் நாவலொன்றும் அவரது ஸ்பானிய ஆக்கங்களாக வெளிவந்தன. ஆர்லாண்டோவின் நாயகன் நூற்றாண்டுகள் கடந்து வாழ்பவன்; நடுவழியில் ஆண் பெண்ணாகிறான். ஆங்கிலத்தில் அவனுடைய, அவளுடைய என உடைமைச் சொற்கள் பிரிந்து நின்று அம்மாற்றத்தை அடிக்கடி அறிவிக்கின்றன. ஸ்பானியத்திலோ ‘சு’ என்ற ஓரெழுத்துச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அவனது வாளும் அவளது ஆடையும் ஒரே ‘சு’வை ஏற்கின்றன. பெயரடைகளில் ஆண்பால் பெண்பால் காட்டும் மொழியே ஆயினும், உடைமையைச் சொல்லுமிடத்தில் ஸ்பானியம் பால் காட்டாது விடுகிறது. மாறிய உடலினுள்ளே மாறாத ஒருவரைப் பேசும் நாவலுக்கு இதனினும் பொருத்தமான சொல் வேறில்லை.

மொழிபெயர்ப்பு மூலத்தைவிடத் தாழ்ந்தது என்னும் கருத்தைப் போர்ஹெஸ் ஏற்கவில்லை. ஹோமரின் ஆங்கில ஆக்கங்கள் பற்றி 1932இலும், ஆயிரத்தோர் இரவுகளின் மொழிபெயர்ப்பாளர்கள் பற்றி 1936இல் வெளிவந்த நூலிலும் விரிவாக எழுதினார். ஒரே நூலின் பல ஆக்கங்களை ஒரே பொருளின் பல தோற்றங்களாகவே அவர் கண்டார்.

1938 அவருக்குக் கொடிய ஆண்டு. தந்தை இறந்தார். ஆண்டிறுதியில் தலையில் பட்ட காயம் நஞ்சேறி உயிருக்கே இடராயிற்று. தேறியெழுந்தவர் தம் அறிவு பழுதுற்றதோ என அஞ்சி, அதுவரை அதிகம் முயலாத புனைகதை வடிவில் தம்மைச் சோதித்துப் பார்த்தார். உலகப் புகழ் தந்த கதைகள் அவ்வாறு பிறந்தன. 1940இல் வந்த வட்டவடிவ இடிபாடுகள் கதையில், பாழடைந்த கோயிலொன்றை அடையும் அயலான் ஒருவன் துயில்கிறான். ஒரு மனிதனைக் கனவில் முழுமையாக உருவாக்கி உலகில் உலவவிடுவதே அவன் நோக்கம். இறுதியில் தானும் வேறொருவரின் கனவே என அறிகிறான். அவனுக்குத் துயில்வதே தொழில், கனவே விளைவு. இரண்டுக்கும் ஒரே பெயர்ச்சொல் வழங்கும் மொழியில் அக்கதை தன் இயல்பான மண்ணில் நிற்கிறது.

பொருள்தோறும் தனிச்சொல் வேண்டும் என்ற ஆசையின் எல்லையையும் அவர் ஆராய்ந்தார். 1942இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையும் ஒரு கதையும் இதற்குச் சான்று. கட்டுரை, பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஜான் வில்கின்ஸ் வகுத்த செயற்கை மொழியைப் பற்றியது. உலகப் பொருள்களையெல்லாம் வகைப்படுத்தி, ஒவ்வொன்றின் பெயரும் அதன் இலக்கணத்தைத் தன்னுள்ளேயே காட்டுமாறு வில்கின்ஸ் முயன்றார். உலகத்தை வகுக்கும் எந்த முயற்சியும் மனம் போன போக்கில் அமைவதே என அக்கட்டுரை காட்டுகிறது. கதை ஃபூனெஸ் என்ற இளைஞனைப் பற்றியது. குதிரையினின்று விழுந்து முடமான அவனுக்கு எதையும் மறக்க இயலாது. ஒரு நாயை ஒரு கணத்தில் ஒரு பக்கத்திலிருந்தும் அடுத்த கணத்தில் வேறு பக்கத்திலிருந்தும் கண்டால், இரண்டையும் நாய் என்ற ஒரே சொல்லால் அழைப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. வேற்றுமைகளை மறக்கத் தெரியாதவனால் சிந்திக்கவும் இயலாது என்பது கதை உணர்த்தும் உண்மை. எல்லா மொழியும் ஏதோ ஓரிடத்தில் இரண்டை ஒன்றாக்கியே வாழ்கிறது. எந்த இரண்டை என்பதில்தான் மொழிக்கு மொழி வேறுபாடு.

1949இல் வெளியான கதையொன்றில் அவரது ஆங்கிலப் பாட்டியே வருகிறார். எல்லைப்புறக் கோட்டையில் கணவரோடு வாழ்ந்த காலத்தில், பழங்குடியினரால் சிறுவயதிலேயே கவர்ந்து செல்லப்பட்டு அவர்களுள் ஒருத்தியாகிவிட்ட யார்க்ஷயர் பெண்ணொருத்தியை அவர் சந்திக்கிறார். அப்பெண் தாய்மொழி பேசிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆங்கிலம் அவள் நாவில் தடுமாறி, பழங்குடி மொழியின் சொற்களோடு கலந்து வெளிவருகிறது. இங்கேயே தங்கிவிடு என்று பாட்டி வேண்டியும் அவள் தன் கூட்டத்திடமே திரும்பிவிடுகிறாள். இந்த ஆக்கத்தின் தலைப்பில் ‘இஸ்தோரியா’ என்ற சொல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஸ்டோரி’ ஆயிற்று. 1935இல் வந்த இழிசெயல்களின் தொகுதியிலும், 1936இல் வந்த நித்தியம் பற்றிய நூலிலும் அதே சொல் ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டரி’ ஆயிற்று. குடும்பத்தில் வாய்வழி வழங்கிய செய்தியா, ஆவணப்படுத்திய வரலாறா, புனைவா என்று பிரித்தறிய விடாமல் எழுதுவதே போர்ஹெஸின் முறை. ஆங்கிலமோ அட்டையிலேயே பக்கம் பிரித்துச் சொல்லக் கேட்கிறது.

இந்த இழப்பு மிகக் கூர்மையாக வெளிப்படுவது 1950இல் எழுதிய காத்திருப்பு என்னும் கதையில். பகைவனுக்கு அஞ்சி ஒளிந்து வாழும் ஒருவன் புவனோஸ் ஐரிஸின் வாடகை அறையொன்றில் தங்குகிறான். பெயர் கேட்டபோது பகைவனின் பெயரையே தன் பெயராகச் சொல்லிவிடுகிறான். நாள்கள் ஒன்றுபோலக் கழிகின்றன. விடியல்தோறும் ஒரே கனவு: பகைவனும் துணைவர்களும் அறைக்குள் நுழைகிறார்கள், அவன் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான், அந்த ஓசையில் விழித்துக்கொள்கிறான். ஜூலை மாதக் காலை ஒன்றில் அவர்கள் மெய்யாகவே வந்து நிற்கிறார்கள். பொறுங்கள் என அவர்களுக்குச் சைகை காட்டி, விட்ட துயிலைத் தொடர்வான்போல அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான். வந்தவர்கள் மெய்யல்லர், வழக்கமான கனவே என ஆக்கிவிடும் கடைசி முயற்சியாகவும் அது இருக்கலாம் என்று கதை குறிப்பாற் சொல்கிறது. அந்நிலையிலேயே குண்டுகள் அவனைத் துடைத்தெறிகின்றன.

அவன் சைகையால் வேண்டிய பொறுத்தலைக் குறிக்கும் வினை, நம்பிக்கையும் உள்ளடங்கிய ‘எஸ்பெரார்’. அவன் தொடர முனைந்த துயிலும், கொலைஞர்களை அவன் ஆக்க விரும்பிய கனவும் சில வரிகளின் இடைவெளியில் ஒரே ‘சுவேன்யோ’. துயிலினின்று கனவுக்குச் செல்ல அந்த மனிதனுக்கு இருந்த ஒரே பாலம் அச்சொல்தான். ஆங்கிலத்தில் முதலிடத்தில் ‘ஸ்லீப்’ என்றும் அடுத்த இடத்தில் ‘ட்ரீம்’ என்றும் எழுதியாக வேண்டும். பொருளில் பிழையில்லை, பாலம் மட்டும் இல்லை. தமிழிலும் இதே நிலைதான்.

இதற்கிடையே அவர் புறவாழ்வும் மாறியது. 1946இல் பெரோன் ஆட்சி, நூலகப் பணியினின்று அவரை விலக்கி, சந்தையில் கோழிகளைச் சோதிக்கும் அலுவலை அளித்து இழிவுபடுத்தியது. அவர் பதவி விலகினார். கூச்ச இயல்பினரான அவர் பிழைப்பின் பொருட்டு மேடையேறி ஆங்கில இலக்கியம் பற்றிப் பேசக் கற்றார். 1955இல் பெரோன் வீழ்ந்தபின் தேசிய நூலகத்தின் இயக்குநரானார். தந்தையைப் போலவே அவர் கண்களும் அந்நாளில் எழுத்தைப் படிக்க இயலாதவாறு இருண்டிருந்தன. நூல்களும் இருளும் ஒன்றாக வந்து சேர்ந்த அந்த முரணைக் கசப்பின்றிக் கவிதையாக்கினார்.

கண்ணிழந்தவர் தேடிச் சென்றது ஒரு பழைய மொழியை. புவனோஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்துவந்த அவர், சில மாணவர்களுடன் அமர்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தைச் சொல் சொல்லாகக் கற்கத் தொடங்கினார். பாட்டியின் மொழிக்கும் பாட்டியான மொழி அது. பெயர் தெரியாத கவிஞர் ஒருவர் சிலுவையைக் கனவிற்கண்டு பாடிய பழங்கவிதையை வகுப்பிலும் எடுத்துரைத்தார். அக்கவிதை தொடங்கும்போதே கனவைக் குறிக்க வரும் சொல் ‘ஸ்வெவ்ன்’. இன்றைய ‘ட்ரீம்’ என்பதன் முன்வடிவம் அக்காலக் கவிதையில் மகிழ்ச்சியையும் இசையையும் குறித்தது. ‘ஸ்வெவ்ன்’ கனவையும் குறிக்கும், துயிலையும் குறிக்கும். ஸ்பானியம் இணைத்ததும் இன்றைய ஆங்கிலம் பிரித்ததுமான பொருள்கள் அந்தப் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் இருந்தன. இலத்தீனின் ‘சோம்னுஸ்’, கிரேக்கத்தின் ‘ஹிப்னோஸ்’, பழைய ஆங்கிலத்தின் ‘ஸ்வெவ்ன்’, துயில் கனவு இரண்டையும் குறிக்கும் வடமொழியின் ‘ஸ்வப்னம்’ ஆகிய எல்லாம் ஒரே வேரின் கிளைகள். தமிழில் வழங்கும் ‘சொப்பனம்’ அவ்வழி வந்ததே. போர்ஹெஸின் ‘சுவேன்யோ’வுக்கு அது தூரத்து உறவு.

1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தபோது நார்மன் தாமஸ் டி ஜொவானி என்ற அமெரிக்கர் அவரை அணுகினார். அடுத்த ஆண்டு டி ஜொவானி புவனோஸ் ஐரிஸுக்கே குடிவந்தார். 1972 வரை இருவரும் இணைந்து போர்ஹெஸின் ஆக்கங்களை ஆங்கிலமாக்கினர். டி ஜொவானி ஒரு வரைவைக் கொண்டுவருவார். ஸ்பானிய வாக்கியத்தையும் ஆங்கில வாக்கியத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பார். பார்வையற்ற கவிஞர் செவியால் எடைபோட்டு மாற்றுவார். வருவாயைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். வட்டவடிவ இடிபாடுகளும் அவ்வாறு ஆங்கிலமாயிற்று. துயிலா கனவா என்று மூலத்தில் எவரும் கேட்காத கேள்விக்கு, எழுதியவரே விடை சொல்ல வேண்டிய இடங்கள் வந்தன. மூலத்திற்கு அடிமையாக நில்லாமல் ஆங்கிலத்தில் புதிதாக எழுதியதுபோலவே ஆக்கம் அமைய வேண்டுமென அவர் கருதினார். பிறருடைய மொழிபெயர்ப்புகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் வழங்கிய உரிமையைத் தம் எழுத்தின்மீதும் அவர் மறுக்கவில்லை. இழப்பை அறிந்தே செய்த தேர்வு அது.

பிந்திய ஆண்டுகளில் கனவின் பொருளே அவரிடம் மேலோங்கியது. 1976இல் உலக இலக்கியங்களிலிருந்து கனவுகளைத் தொகுத்து நூலாக்கினார். 1977இல் புவனோஸ் ஐரிஸில் நிகழ்த்திய ஏழு சொற்பொழிவுகளுள் ஒன்றில், தீக்கனாவைக் குறிக்கும் சொற்களைப் பல மொழிகளிலிருந்தும் எடுத்து ஒப்பிட்டார். அதற்கான ஸ்பானியச் சொல் சிறுமைப்பொருள் விகுதி ஏற்று வலுவிழந்து நிற்பதையும், ஆங்கிலச் சொல்லில் இரவின் அச்சம் குன்றாமல் ஒலிப்பதையும் எடுத்துக்காட்டினார். தம் மொழி எங்கே செல்வம் உடையது, எங்கே இல்லாதது என்பதில் அவருக்கு மயக்கமில்லை.

1986ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், இளமையில் பிரெஞ்சும் ஜெர்மனும் கற்ற ஜெனீவா நகரிலேயே போர்ஹெஸ் உயிர்நீத்தார். பிளென்பலே கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார். தலைக்கல்லின் ஒருபுறம் போர் பாடும் பழைய ஆங்கிலக் கவிதையொன்றின் சொற்களும், மறுபுறம் நார்ஸ் காவியமொன்றின் சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, அவர் எழுதிய காதற்கதையொன்றின் நாயகி நாயகனுக்குச் செய்யும் சமர்ப்பணமாக ஒரு சிறு வரி இருக்கிறது. அது ஸ்பானியத்தில் உள்ளது.